குளியல் தொட்டியில் விழுந்த போன்கள்

மொதேகி சுமியே ஒன்பது வருடங்களாக ஒரே பொய்யைத் திரும்பத் திரும்ப எழுதிவந்தாள். நாளொன்றுக்கு ஆறேழு தடவை, முத்து முத்தான கையெழுத்தில், கறுப்பு மையில். அதற்காகக் கம்பெனி அவளுக்குப் பாராட்டுப் பத்திரமே கொடுத்தது என்றால் நம்புவீர்களா? கொடுத்தது. மரச்சட்டம் போட்டுக் கொடுத்தது.

ஹருனாமி டென்கி கம்பெனியின் போன் பழுதுபார்க்கும் கவுன்டர் மயேபாஷி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பல் மருத்துவருக்கும் நூடுல்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது. அதில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் சுமியே, இன்னொன்றில் தொகிதா. தொகிதாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முன்பு கேமரா கடையில் இருந்தவர். போனிலேயே கேமரா வந்து அந்தக் கடையை மூடவைத்ததும், கோபித்துக்கொள்ளாமல் போன் பக்கமே வந்து உட்கார்ந்துவிட்டார். சிரிக்காமல் சிரிக்கவைக்கிற மனிதர்.

அது மடக்கு போன்களின் பொற்காலம். எங்கள் ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் போனிலேயே செய்துகொண்டிருந்தார்கள். ரயில் நேரம், ராசிபலன், தொடர்கதை, டிவி, மளிகைக் கடையில் போனைத் தட்டிப் பணம் கொடுப்பது, ஒரு வரிச் செய்திக்கு நான்கு குட்டிப் படங்கள். வெளிநாட்டுக்காரர்கள் போனில் பேச மட்டும் செய்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு எங்களுக்குப் பரிதாபமாக இருந்தது. ஓட்டப் பந்தயத்தில் நாங்கள்தான் முதலில் ஓடினோம். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் வரவில்லை. அவர்கள் வேறு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதைப் புரிந்துகொள்ளக் கம்பெனிகளுக்கு ரொம்ப நாள் ஆனது.

சரி, பொய்க்கு வருகிறேன். பழுதுக்கு வரும் போனுக்கு ஒரு சீட்டு நிரப்ப வேண்டும். பெயர், மாடல், கோளாறு. கடைசியில் ஒரு கட்டம்: எங்கே நனைந்தது? வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வங்கி மேலாளர் வந்தார். கோட்டு, டை, பளபளக்கும் காலணி. போனைக் கைக்குட்டையில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தருவதுபோல நீட்டினார்.

"எங்க நனைஞ்சதுங்க?" என்று சுமியே கேட்டாள்.

மேலாளரின் காது மடல் சிவந்தது. கூரையைப் பார்த்தார். நாள்காட்டியைப் பார்த்தார். பின்னால் வரிசையில் இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். போனை வாங்கிய சுமியேயின் விரலில் நீல நிறத்தில் ஒரு சொட்டு ஒட்டியது. எங்கள் வீடுகளில் கழிப்பறைத் தொட்டியில் ஒரு மருந்துக் கட்டி போட்டிருப்போம், தண்ணீர் நீலமாக வரும். இந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மனிதர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"குளியல் தொட்டியிலதானேங்க?" என்றாள்.

"ஆமாங்க! குளியல் தொட்டி! குளியல் தொட்டியேதான்!" என்று மேலாளர் மூன்று முறை குனிந்து வணங்கினார். அவ்வளவு நன்றியோடு யாரும் அதுவரை அவளை வணங்கியதில்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களுக்கு நடப்பதுதான் நடக்கும்; ஊரில் பாதிப் பேருக்கு நடந்தது. பள்ளி ஆசிரியை, கோயில் பூசாரி, மணமாகி மூன்றே நாளான பெண், எல்லோரும் வந்தார்கள். சுமியே கேட்டுவிட்டு அவளே பதிலும் சொல்வாள். அவர்கள் தலையாட்டுவார்கள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் தொகிதா இழுப்பறையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்து அவள் பக்கம் மெல்ல நகர்த்துவார். "ஊரே ரொம்பச் சுத்தமா இருக்குங்க. எந்நேரமும் குளிச்சுக்கிட்டே இருக்காங்க," என்பார், முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாமல்.

யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்றுதான் சுமியே நினைத்திருந்தாள். அந்தச் சீட்டுகளை ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

படித்தவர் கோகுரே. தகசாகியில் இருந்த தொழிற்சாலையின் திட்டப் பிரிவுத் தலைவர். நல்ல மனிதர், ஆனால் எழுத்தில் வந்ததை அப்படியே நம்புகிறவர். ஒரு வசந்த காலக் காலையில் சட்டம் போட்ட பத்திரத்தோடு கவுன்டருக்கு வந்து, சுமியே முன்னால் இடுப்பு மடங்கக் குனிந்தார்.

"மொதேகி-சான், கம்பெனியைக் காப்பாத்திட்டீங்க. ஒன்பது வருஷத்துச் சீட்டையும் எண்ணிப் பார்த்தோம். நூத்துக்கு எழுபத்தொண்ணு குளியல் தொட்டி! நம்ம ஜனங்க குளிக்கும்போது கூடப் போனைப் பிரியமாட்டேங்குறாங்க. யாருக்காவது தோணிச்சா இது? உங்க சீட்டைப் பார்த்துத்தான் தண்ணி புகாத போன் பண்ணினோம்."

சுமியே கையிலிருந்த பேனாவை மூடிவைத்தாள்.

"அதுமட்டுமா? பழுதான போனுக்குள்ள எல்லாம் நீலத் தண்ணி," என்று கோகுரே பெருமையாகத் தொடர்ந்தார். "தொட்டித் தண்ணியில கரைக்கிற குளியல் பொடின்னு நம்ம பொறியாளருங்க உடனே கண்டுபிடிச்சிட்டாங்க. கடையில கிடைக்கிற நீலக் குளியல் பொடி பதினாலு வகையையும் வாங்கி, நாப்பத்திரண்டு டிகிரி வெந்நீர்ல கரைச்சு, நாலு மாசம் சோதிச்சோம். பதினாலுக்கும் தாங்குது!"

தொகிதா திடீரென்று குனிந்து மேசைக்கு அடியில் எதையோ தேடத் தொடங்கினார். அவர் தோள்கள் குலுங்கின.

சொல்லிவிட வேண்டும் என்று சுமியே வாயைத் திறந்தாள். ஆனால் கோகுரேயின் கண்களில் அப்படி ஒரு மகிழ்ச்சி. தவிரவும், மூன்று வருடங்களுக்கு முன் அதே கோகுரே ஒரு வெள்ளைப் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இதே கவுன்டருக்குக் கொண்டுவந்திருந்தார். அதிலும் நீலச் சொட்டு இருந்தது. அவருக்கும் அவள்தான் "குளியல் தொட்டி" என்று எழுதினாள். இப்போது எந்த முகத்தோடு சொல்வது? பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

இலையுதிர் காலத்தில் விஷயம் முற்றியது. கோகுரே மறுபடி வந்தார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

"உள்நாட்டுல போன் வாங்க வேண்டியவங்க எல்லாம் வாங்கி முடிச்சிட்டாங்க, மொதேகி-சான். வெளிநாட்டுல வித்தாத்தான் பிழைப்பு. பிரேசில்லேருந்து ஒரு அம்மா வராங்க. அங்க தெற்குப் பக்கம் நிறையப் போன் கடை வெச்சிருக்காங்களாம். அவங்க நாட்டு அலைவரிசைக்கு மாத்தித் தர்றோம்னு சொல்லியிருக்கோம். அவங்க எடுத்துக்கிட்டா போன் பிரிவு இருக்கும். இல்லேன்னா மார்ச் மாசத்தோட மூடிடறதா மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. உங்க கவுன்டரும் சேர்த்துத்தான்."

"நான் என்னங்க செய்யணும்?"

"கூட்டத்துக்கு வரணும். ஒன்பது வருஷமா வாடிக்கையாளர் குரலைக் கேட்டவங்க நீங்க. எழுபத்தொண்ணுங்கிற கணக்கு உங்க வாயால வந்தாத்தான் நம்புவாங்க."

அவர் போனபிறகு சுமியே தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். தொழிற்சாலையில் முந்நூறு பேர். தன்னுடைய ஒரு உபசாரப் பொய்யின்மேல் முந்நூறு பேரும் நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது.

"உண்மையைச் சொல்லிடட்டுமா, தொகிதா-சான்?"

"சொல்லுங்க. பத்திரத்தைத் திருப்பிக் கேப்பாங்க. சட்டத்தை மட்டும் நாம வெச்சுக்கலாம், நல்ல மரம்."

"விளையாடாதீங்க."

"அப்ப சொல்லாதீங்க. குளிக்கிறவங்களுக்கு ஆகுற போன்தானே? பிரேசில்காரங்களும் குளிப்பாங்கதானே?" என்றார் தொகிதா. அது நியாயமாகத்தான் பட்டது. குளிக்காத நாடு உலகத்தில் உண்டா என்ன?

கூட்டத்தன்று அகாகி மலையிலிருந்து காய்ந்த காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. தொழிற்சாலையின் கூட்ட அறைக்குள் நுழைந்த சுமியே வாசலிலேயே நின்றுவிட்டாள். நீள மேசையை ஓரங்கட்டிவிட்டு நடுவில் நிஜமாகவே ஒரு குளியல் தொட்டியை வைத்திருந்தார்கள். தேவதாரு மரத் தொட்டி, நிறைய வெந்நீர், ஆவி பறக்கிறது, மேலே யூசு எலுமிச்சைகள் மிதக்கின்றன. பக்கத்தில் முழுக் கோட்டும் டையுமாகப் பொறியாளர்கள் வரிசையாக நின்றார்கள். சாவு வீட்டில் கூட மனிதர்கள் அவ்வளவு விறைப்பாக நிற்கமாட்டார்கள்.

விருந்தாளியின் பெயர் இவோனே. அறுபது வயது, குட்டையான உருவம், பெரிய காதணி, அதைவிடப் பெரிய கைப்பை. மொழிபெயர்க்க லுசியானே என்ற பெண் வந்திருந்தாள். பிரேசிலிலிருந்து வந்து பதினைந்து வருடமாகப் பக்கத்து ஓயிசுமியில் குடியிருப்பவள். இரண்டு நாட்டு நாசூக்கும் அத்துப்படி.

கோகுரே சட்டைக் கையை மடித்துவிட்டு, போனைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். தண்ணீருக்குள்ளேயே திறந்தார். திரை பளிச்சென்று எரிந்தது. வெளியே எடுத்து, அதிலேயே தன் மனைவிக்குப் போன் செய்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். இவோனே அம்மாவும் தட்டினார். பிறகு லுசியானே பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

"ரொம்ப அழகா இருக்குங்குறாங்க," என்றாள் லுசியானே. "ஆனா ஒரு சந்தேகமாம். இதுல உக்காந்து யாரு குளிக்கிறாங்க?"

அறையில் யாருக்கும் கேள்வி புரியவில்லை.

"எல்லாரும்தாங்க," என்றார் கோகுரே.

"எங்க ஊர்ல எல்லாரும் நின்னுக்கிட்டேதான் குளிப்போம்கறாங்க. ஒரு நாளைக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம். போன் கட்டில்மேலயே கிடக்குமாம். தொட்டின்னா என்னன்னே பாதிப் பேருக்குத் தெரியாதாம்."

பொறியாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாலு மாதம், பதினாலு குளியல் பொடி, வெந்நீரின் சூடு, போன் நழுவாமல் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு, எல்லாவற்றையும் யோசித்தவர்கள் இதை மட்டும் யோசிக்கவில்லை. உலகத்தில் எல்லோரும் மாலையானால் வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து ஒரு மணி நேரம் கிடப்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வேறு எதற்காக மனிதன் வீட்டுக்குத் திரும்புகிறான்?

"ஆனா இதைப் பாருங்க," என்று கோகுரே அவசரமாகக் காகிதங்களைப் புரட்டினார். "எழுபத்தொண்ணு சதவீதம்! மொதேகி-சான் சொல்லுவாங்க."

இவோனே அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "உங்க நாட்டுக்கு நல்ல போன்தான், எங்களுக்கு ஆகாதுங்குறாங்க," என்றாள் லுசியானே, தான் குற்றம் செய்துவிட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு. கைப்பையின் ஜிப் மூடுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அந்தச் சத்தம்தான் சுமியேயை எழுப்பியது. அவள் எழுந்து நின்றாள். பொய்யைக் காப்பாற்றினால் அவள் மானம் மிஞ்சும், மற்றதெல்லாம் போகும்.

"மன்னிக்கணும்," என்று தொட்டியைப் பார்த்தே சொன்னாள். மனிதர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. "அந்தக் கணக்கு பொய். ஒரு போனும் குளியல் தொட்டியில விழலை. விழுந்திருந்தா ஒண்ணோ ரெண்டோ. நான்தான் அப்படி எழுதினேன். வர்றவங்க சொல்லக் கூச்சப்பட்டாங்க. அதனால நானே எழுதிட்டேன். ஒன்பது வருஷமும்."

"அப்ப எங்கதான் விழுந்துச்சு?" என்று ஒரு பொறியாளர் கேட்டார். அழுதுவிடுவார்போல இருந்தது.

"கழிப்பறையில."

தேவதாருத் தொட்டியில் ஒரு யூசு மெல்ல உருண்டது.

"நீலத் தண்ணி?" என்றார் அதே பொறியாளர்.

"அது குளியல் பொடி இல்லைங்க," என்றாள் சுமியே.

லுசியானே அவளை நெருங்கி, "அக்கா, இதை அப்படியே சொல்லட்டுமா? கொஞ்சம் நாசூக்கா மாத்திச் சொல்லட்டுமா?" என்று காதில் கேட்டாள்.

"நாசூக்கு பண்ணித்தான் இங்க வந்து நிக்கிறோம். அப்படியே சொல்லு."

லுசியானே சொன்னாள். இவோனே அம்மா சிரித்தார் பாருங்கள்! காதணி ஆட, மேசையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வழிய. எழுந்துவந்து சுமியேயின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பேசினார்.

"எங்க கடைக்கும் அப்படித்தான் வருதாம்," என்று லுசியானே சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். "பின்பாக்கெட்! எல்லாம் அந்தப் பாழாப்போன பின்பாக்கெட்! எங்க ஆளுங்க மழையில நனைஞ்சுதுன்னு சொல்லுவாங்களாம். மழையே பெய்யாத மாசத்துல கூட! போன வருஷம் அவங்க போனே ரெண்டு தடவை கக்கூஸ்ல விழுந்துச்சாம். இதை ஏன் முதல்லயே சொல்லலைன்னு கேக்குறாங்க."

கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "விழுந்ததை எடுத்தா மட்டும் போதுமா? அதைக் காதுல வெச்சுப் பேச வேண்டாமா? சோப்புப் போட்டுக் கழுவ முடியுமாங்குறாங்க."

பொறியாளர்கள் திகைத்தார்கள். பதினாலு குளியல் பொடி சோதித்தவர்கள் ஒரு சோப்பைச் சோதிக்கவில்லை.

"ஒரு வாரம் குடுங்க," என்றார் அழப்பார்த்த அந்தப் பொறியாளர். அவர் முகத்தில் அன்று முதல்முறையாக உயிர் வந்திருந்தது.

விருந்தாளிகள் சாப்பிடப் போனபின் அறையில் சுமியேயும் கோகுரேயும் மட்டும் மிஞ்சினார்கள். சுமியே பைக்குள்ளிருந்து பாராட்டுப் பத்திரத்தை எடுத்தாள். சட்டத்தோடுதான் கொண்டுவந்திருந்தாள். அதை நீட்டி, ஆழமாகக் குனிந்தாள்.

கோகுரே அதைத் தொடவில்லை. ஆறிக்கொண்டிருந்த தண்ணீரிலிருந்து ஒரு யூசுவை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மொதேகி-சான். மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு வெள்ளைப் போன் கொண்டாந்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"அது வந்து..."

"குளியல் தொட்டிதாங்க," என்றாள் சுமியே. "சீட்டுல அப்படித்தான் இருக்கு."

கோகுரேயின் காது மடல் அந்த வங்கி மேலாளருடையதைப் போலவே சிவந்தது. "பத்திரத்தை உள்ள வைங்க," என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு வாரத்தில் போன் சோப்பையும் தாங்கியது. இவோனே அம்மா முதல் தவணைச் சரக்குக்குக் கையெழுத்துப் போட்டார். உலகத்தையே பிடித்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன். தெற்குப் பிரேசிலில் சில ஊர்களைப் பிடித்தோம். மார்ச் மாதம் வந்தது, போனது, தொழிற்சாலையை யாரும் மூடவில்லை. பிரேசிலுக்குப் போன விளம்பரத்தில் ஒரு ஜீன்ஸ் பின்பாக்கெட்டும், கீழே ஒரு சோப்பும் மட்டும் இருந்தன. பார்த்தவர்களுக்கெல்லாம் உடனே புரிந்ததாம். இங்கே உள்ளூர் விளம்பரத்தில் என்ன போட்டார்கள் என்று கேட்காதீர்கள். ஆவி பறக்கும் குளியல் தொட்டியும், அதில் கண்மூடிச் சாய்ந்திருக்கும் ஒரு பெண்ணும்தான். நன்றாகவே விற்றது.

சீட்டையும் திருத்தினார்கள். "எங்கே நனைந்தது?" என்ற இடத்தில் "கழிப்பறை" என்று கோகுரே புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். முதல் மாதம் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் கூட விழவில்லை. இரண்டாவது மாதமும் விழவில்லை. "நம்ம ஊர் இன்னும் குளிச்சுக்கிட்டேதான் இருக்கு," என்றார் தொகிதா.

சுமியேவுக்குக் கம்பெனி அந்தத் தண்ணீர் புகாத போனில் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. அவளுடைய கணவன் ஹிதேயோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன். அவன் வேலை முடிந்து வருவதற்குள் ஒரு மணி நேரம் தொட்டியில் கிடப்பதுதான் அவளுக்குச் சொர்க்கம். இப்போது போனும் துணைக்கு வந்தது. தொட்டியில் கிடந்தபடியே தொடர்கதை படித்தாள். வாடிக்கையாளர் குரல் பொய்யாக இருந்தாலும் யோசனை நல்ல யோசனைதான் என்று அவளுக்கே பட்டது.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு மாலை, கதையில் கல்யாணம் நிற்கப்போகிற கட்டம். சார்ஜர் செருகும் ஓட்டையின் மூடியைச் சரியாக அழுத்தாமலேயே தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். கை வழுக்கியது. போன் குளோக் என்று அடிக்குப் போனது. எடுத்தபோது திரை இருண்டு கிடந்தது.

மறுநாள் காலை, கவுன்டர் திறக்குமுன்பே, வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்தில் நின்றுகொண்டு போனை மேசைமேல் வைத்தாள். தொகிதா ஒரு சீட்டை எடுத்தார். பெயர் எழுதினார். மாடல் எழுதினார்.

"எங்க நனைஞ்சதுங்க?"

"குளியல் தொட்டியில."

"சரிங்க."

"தொகிதா-சான், நிஜமாவே குளியல் தொட்டிதான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே. குளியல் தொட்டின்னுதானே எழுதுறேன்."

"சத்தியமா! கதை படிச்சுக்கிட்டிருந்தேன், கை வழுக்கிடுச்சு. வேணும்னா எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க!"

"எதுக்குங்க அவரை எல்லாம் கேட்டுக்கிட்டு? உங்க மனசு எனக்குப் புரியாதா?" என்றார் தொகிதா, அவள் ஒன்பது வருடமும் எல்லோரிடமும் பேசிய அதே இதமான குரலில்.

போனைத் தூக்கினார். அதன் மூலையிலிருந்து ஒரு சொட்டு மேசைமேல் விழுந்தது. அவள் முந்தைய நாள் தொட்டியில் கரைத்தது லாவெண்டர் குளியல் பொடி. சொட்டு நல்ல நீலமாக இருந்தது.

இரண்டு பேரும் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தொகிதா, முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாமல், இழுப்பறையைத் திறந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.